பால்மருக்குப் பக்கத்து வீடு பிளேயர்: டெல்லியைச் சுற்றிய கோல்ஃப் மைதானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் டிக்கியில் கோல்ஃப் பை கிடப்பதைப் பார்த்துவிட்டால் போதும், நம்மவர்கள் விடமாட்டார்கள். ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கத்தில் கச்சேரி முடிந்து காபிக்கு நிற்கும்போதும், துவாரகாவில் எங்கள் சொசைட்டி லிஃப்டிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் ஹாண்டிகேப் (திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) 22. பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரன் எல்லாக் குழிகளையும் முடிக்க வேண்டிய அடிக்கணக்கு, 72 உள்ள மைதானத்தில் நல்ல நாளில் 94 அடிப்பவன். கெட்ட நாள் கணக்கு வேண்டாம்.

டெல்லியில் அப்படி எத்தனை மைதானம் இருக்கு? எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

நிறைய இருக்கின்றன. ராணுவத்துக்கும் விமானப் படைக்கும் தனித்தனியாக உண்டு, நொய்டா பக்கம் சில உண்டு. கிரேட்டர் நொய்டாவில் கிரெக் நார்மன் வடிவமைத்த மைதானமும் இருக்கிறது. யமுனைக்கு அந்தப் பக்கம் நான் போவது அபூர்வம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் அதிகம் யோசிப்பது டெல்லியின் தென்மேற்கு மூலையைப் பற்றி. 1960-களில் கோல்ஃப் உலகை ஆண்ட மூவர் அர்னால்ட் பால்மர், கேரி பிளேயர், ஜாக் நிக்லாஸ். மூன்று பேர் வடிவமைத்த மைதானங்களும் இந்த மூலையில், வாரக் கடைசி டிராஃபிக் இல்லாவிட்டால், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. குருகிராமில் டிஎல்எஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வளாகத்தில் பால்மரும் பிளேயரும் அக்கம்பக்கம். தாவ்ரு பக்கம் ஆரவல்லி அடிவாரத்தில் நிக்லாஸ். இந்த மூவருக்கும் சம்பந்தமில்லாத இன்னொருவர், பீட்டர் ஹாரடைன், டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்காக எங்கள் துவாரகா 24-வது செக்டாரில் ஒரு பொது மைதானத்தை வடிவமைத்திருக்கிறார். மண், வெயில், தண்ணீர்ப் பஞ்சம் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆடிப் பார்த்தால் வேறு வேறு ஊர் போல இருக்கும்.

பால்மர், பிளேயர் இரண்டும் ஒரே கேட்டுக்குள்தானே? அப்படி என்ன வித்தியாசம்?

பால்மரின் 18 ஹோல் (குழி) மைதானம் 1999-ல் திறக்கப்பட்டது. கோல்ஃப் கோர்ஸ் ரோடு என்று இன்று ஊரே சொல்லும் சாலைக்குப் பெயர் கொடுத்தது இந்த கோல்ஃப் மைதானம்தான். 2008-ல் ஜானி வாக்கர் கிளாசிக் போட்டி இங்கே நடந்தது. பிறகு கேரி பிளேயரை அழைத்து வந்தார்கள். 2015-ல் அவருடைய மைதானம் திறந்தது. இப்போது பிளேயருக்கு 18, பால்மருக்கு 9 என்று மொத்தம் 27 ஹோல்.

பால்மர் மைதானத்தில் டீயில் (ஒவ்வொரு ஹோலுக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) நின்றால் எங்கே அடிக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். ஃபேர்வே, அதாவது டீக்கும் குழிக்கும் நடுவே வெட்டி வைத்த புல்வெளி, அகலம். பந்து ஒருபக்கம் ஓடினாலும் தேடி எடுத்து அடுத்த அடி அடிக்கலாம். தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் பேராசைக்காரனுக்காக வைத்தது. 'அந்தக் குளத்தைத் தாண்டிவிடலாம்' என்று மனசு சொல்லும்போது கேட்காதவனுக்கு ஆபத்து இல்லை.

பிளேயர் மைதானத்தில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. பழைய கல்குவாரி நிலத்தை ஒளிக்காமல், அதையே காட்சிப் பொருளாக்கிவிட்டார். பாறைச் சுவர்கள், ஆளை விழுங்கும் ஆழத்தில் பங்கர்கள் (மணல் பள்ளங்கள்), செயற்கை மேடுகள், அலை உறைந்து நின்றது போன்ற கிரீன்கள் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை). கிரீனில் பந்து ஏறிவிட்டது என்று நிம்மதியாக நடந்து போனால், அது மெதுவாக உருண்டு எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்.

அலுவலக நண்பர் ஒருவர் விருந்தாளியாக ஒருமுறை கூட்டிப்போனார். கிரீனை ஒட்டிய ஒரு பங்கரில் இறங்கினேன். நான் குட்டை இல்லை, ஆனாலும் கொடிக்கம்பின் நுனி மட்டும்தான் தெரிந்தது. இரண்டு முறை அடித்தேன், இரண்டு முறையும் பந்து விளிம்பில் முட்டி என் காலடிக்கே திரும்பியது. கேடி (பையைச் சுமந்து ஆலோசனையும் சொல்லும் உதவியாளர்) மேலே நின்று பொறுமையாகச் சொன்னார்: "சாப், பீச்சே மாரோ." பின்பக்கம் அடியுங்கள் என்கிறார். குழிக்கு எதிர்த்திசையில் அடித்து, வெளியே வந்து, மறுபடி குழியை நோக்கி ஆடினேன். அன்று வீட்டுக்கு வரும்போது பையில் 7 பந்து குறைந்திருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு மைதான வடிவமைப்பைப் பற்றிக் கற்றுக்கொடுத்ததை வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. வடிவமைப்பாளர் எனக்கு வழி வைத்திருந்தார், அது பின்பக்கம் இருந்தது. எனக்கு அது கசந்தது. தொழில்முறை ஆட்டக்காரனுக்கு அதுவே சவாலாக இருக்கலாம்.

அப்படியானால் கஷ்டமான மைதானம்தான் உயர்ந்த மைதானமா, அண்ணா?

இதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். 'அங்கே உலக வீரர்களே திணறுகிறார்கள்' என்று சொல்லிவிட்டால் மைதானம் பெரியது என்று ஆகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். பிளேயர் மைதானத்தில் 2017 முதல் ஹீரோ இந்தியன் ஓப்பன் நடக்கிறது (கொரோனா ஆண்டுகள் நீங்கலாக). முதல் ஆண்டு நம் எஸ்.எஸ்.பி. சௌரஸியா 10 அண்டர் (பாருக்கு 10 அடி குறைவு) அடித்து, 7 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் ஜப்பானின் கெய்டா நகஜிமா 17 அண்டர். 2025-ல் ஸ்பெயினின் யூஹெனியோ சகார்ரா ஜெயித்தபோது வெறும் 4 அண்டர். அதே மைதானம், அதே ஹோல்கள். ஓரப் புல்லை எவ்வளவு வளரவிட்டார்கள், கிரீனை எவ்வளவு இறுக்கினார்கள், கொடியை எந்த மூலையில் நட்டார்கள், காற்று எப்படி என்பதைப் பொறுத்து 13 ஸ்ட்ரோக் மாறிவிடுகிறது. அப்படியென்றால் ஸ்கோரை வைத்து வடிவமைப்பை எப்படி எடைபோடுவது?

இன்னொரு பக்கம், நகருக்கு நடுவே இருக்கும் டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானம். ஃபேர்வே ரயில்வே பிளாட்பாரம் மாதிரி ஒடுங்கியது, இரண்டு பக்கமும் முள்புதர். 2025 அக்டோபரில் அங்கே நடந்த பெரிய போட்டிக்கு வந்த ரோரி மெக்கில்ராய், டிரைவரையே (மிக நீளமாக அடிக்க உதவும் மட்டை) எடுக்கப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். உலகிலேயே நீளமாக டிரைவர் அடிப்பவர்களில் ஒருவர் அவர். ஆனாலும் ஜெயித்த டாமி ஃப்ளீட்வுட்டின் ஸ்கோர் 22 அண்டர். இரண்டாவது வந்தவர் அதே நகஜிமா.

எது நல்ல மைதானம்? என் அளவுகோல் இது: டீயில் நிற்கும்போது நான் யோசிக்க வேண்டியிருக்கிறதா, பயப்பட வேண்டியிருக்கிறதா? யோசிக்க வைப்பது வடிவமைப்பு. பயமுறுத்த ஒரு ஜேசிபி போதும்.

பிளேயருக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2019 இறுதி நாளில் ஸ்காட்லாந்தின் ஸ்டீஃபன் கேலகர் 7-வது ஹோலில் 8 அடித்தார், அதாவது பாருக்கு மேல் 4. வேறு மைதானம் என்றால் ஆட்டம் முடிந்தது. ஆனால் கடைசி மூன்று ஹோலிலும் பேர்டி (பாருக்கு ஒன்று குறைவு) போட்டு ஒரு ஸ்ட்ரோக்கில் கோப்பையைத் தூக்கினார். விழுந்தவன் எழ முடிகிற மைதானம் அது, விழுந்தவன் கேலகராக இருந்தால்.

துவாரகா மைதானம் எப்படி? வீட்டுப் பக்கம் என்பதால் புகழ்கிறீர்களா?

கொஞ்சம் அப்படித்தான்.

தோஹாவிலும் அபுதாபியிலும் மணலில் மைதானம் எழுப்பிய அனுபவம் ஹாரடைனுக்கு உண்டு. துவாரகா நிலம் உள்ளங்கை மாதிரி தட்டை. மேடும் இல்லை, பாறையும் இல்லை. பார் 72, நீளம் 7,300 கெஜத்துக்கு மேல். தட்டையான நிலத்தில் வடிவமைப்பாளர் செய்யக்கூடியது தண்ணீருக்குத் தோண்டுவது, மண்ணைக் குவிப்பது, பங்கரை வைத்துக் கண்ணை ஏமாற்றுவது. ஒரு பங்கரை கிரீனுக்கு 30 கெஜம் முன்னால் வைத்து, அதன் உதட்டை உயர்த்திவிட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு பங்கரும் கிரீனும் ஒட்டினாற்போலத் தெரியும். நடுவிலிருக்கும் 30 கெஜம் மறைந்துவிடும். ஒரு கிளப் குறைத்து, அதாவது தூரம் குறைவாக அடிக்கும் மட்டையை, எடுப்பான், பந்து நடுவில் விழும். தட்டை நிலத்தில் ஆடுபவர்கள் இந்த வித்தையை எதிர்பார்த்தே நிற்க வேண்டும்.

மரங்கள் இன்னும் சிறுசு. நிழல் கிடையாது. காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. இப்போது ஆடுபவனுக்கு இது ஒரு திறந்தவெளி ஆட்டம். இருபது வருஷம் கழித்து இதே ஹோல்கள் வேறு மைதானமாகியிருக்கும். புது மைதானத்தை மரத்தோடு இருக்கும் மைதானத்துடன் ஒப்பிடுவது, நேற்றுக் கல்யாணமானவர்களை அறுபதாம் கல்யாணத்துக்கு உட்கார்ந்தவர்களுடன் ஒப்பிடுவது மாதிரி.

விமான நிலையம் பக்கத்தில். பட் செய்ய, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்ட, குனியும்போது தலைக்கு மேல் சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஒரு விமானம் போகும். முதல் மாதம் எரிச்சல். இப்போது அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அந்தச் சாக்கில் கிரீனின் சரிவை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

குதுப் மைதானம்?

லாடோ சராயில் இருக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தினுடையதுதான், நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம் என்ற பெயர் அதற்கு. 18 ஹோல், துவாரகாவைவிட நீளம் குறைவு, நெருக்கமானது. மெஹ்ரோலி பக்கத்துக்கே உரிய இடிபாடுகளும் மேடுபள்ளமும் கூடவே வரும். துவாரகாவில் கையால் செய்த மேட்டை அங்கே நிலமே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. பல்ஸ்வா ஏரிக்கரையில் 9 ஹோல் உள்ளதும் இதே ஆணையத்தினுடையது. கற்றுக்கொள்பவர்களுக்குப் போதும்.

நிக்லாஸ் மைதானத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

ஒருமுறையாவது. தாவ்ரு பக்கம் போனதும் குருகிராமின் கண்ணாடிக் கட்டடங்கள் மறைந்து, கடுகு வயலும் மொட்டை மலையும் வந்துவிடும். 27 ஹோல், மூன்று ஒன்பதுகள்: ரிட்ஜ், வேலி, கேன்யன். அதாவது மலைமுகடு, பள்ளத்தாக்கு, கெவி. நிலத்தின் குணத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். இன்று ஐடிசி கிராண்ட் பாரத் ஓட்டலோடு சேர்ந்தது.

நிக்லாஸ் தன் ஆட்டக்காலத்தில் பந்தை உயரத் தூக்கி, இடமிருந்து வலமாக லேசாக வளைத்து அடிப்பவர். வலது கைக்காரர்களுக்கு அதை ஃபேட் என்பார்கள். அவர் வடிவமைத்த மைதானங்கள் பலவற்றில் அந்த அடிக்கு ஒரு ஓரச்சலுகை இருப்பதாக ஆட்டக்காரர்கள் சொல்வது வழக்கம். என் பந்தும் இடமிருந்து வலம் போகும், ஆனால் அது ஃபேட் இல்லை, கட்டுப்பாடின்றி அதிகமாக வளையும் ஸ்லைஸ். ஆகவே சலுகை கிடைக்கவில்லை.

மூவரில் நிலத்தைக் குறைவாகத் தொட்டவர் நிக்லாஸ்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேட்டிலிருந்து கீழே அடிக்கும் ஹோலில், கீழிருக்கும் ஃபேர்வே முழுதும் தெரிகிறது. எங்கே விழுந்தால் அடுத்த அடி சுலபம் என்பது டீயிலேயே தெரியும். பிறகு தப்பாக அடித்தால் பழி நம் மேல்தான்.

கிரீனில் இருப்பது என்ன புல்? இறக்குமதியா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோல்ஃப் உலகம் பெர்முடா என்று கொண்டாடுவது நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே இனம். கிரீனுக்குப் போடுவது அதிலிருந்து ஒட்டாகப் பிறந்த குட்டைப் புல். மூன்று, மூன்றரை மில்லிமீட்டருக்கு வெட்டினாலும் தாங்கும்.

டெல்லியில் சிக்கல் குளிர்காலம். டிசம்பரில் அருகம்புல் தூங்கிவிடும், பழுப்பாகும். அதனால் சில இடங்களில் மேலே ரை புல் விதையைத் தூவி ஜனவரியிலும் பச்சையாக வைத்திருப்பார்கள். தூவாத இடத்தில் ஃபேர்வே வைக்கோல் நிறம். பார்க்கச் சுமார், ஆனால் பந்து நன்றாக ஓடும். எனக்குப் பிடித்தது அந்த வைக்கோல் நிறம்தான்.

தண்ணீர்? குருகிராமில் குடிக்கவே டேங்கர் வருகிறதே.

நியாயமான கோபம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் 10,000 லிட்டர். 18 ஹோல் மைதானத்தில் 30 ஹெக்டேர் புல்லுக்கு, மே மாத வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 15 லட்சம் லிட்டர். குருகிராம் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி. ஆகவே சுத்திகரித்த கழிவுநீரில் நடக்காத மைதானத்துக்கு இந்த ஊரில் சாக்குச் சொல்ல இடமில்லை.

வடிவமைப்பும் இதில் வருகிறது. பந்து விழவே விழாத இடங்களில் எதற்குப் பச்சைப் புல்? அங்கே கீக்கர் (கருவேல) மரமும் காட்டுப்புல்லும் இருக்கட்டும். பச்சை குறைந்தால் பிரசுரத்தில் படம் அழகாக வராது என்பதுதான் தடை.

உறுப்பினர் இல்லாமல் ஆட முடியுமா?

துவாரகா, குதுப், பல்ஸ்வா பொது மைதானங்கள். பணம் கட்டி ஆடலாம். டிஎல்எஃப், டெல்லி கோல்ஃப் கிளப் இரண்டிலும் உறுப்பினரின் கை பிடித்துக்கொண்டு போவதுதான் நடைமுறை வழி. டெல்லி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர் ஆக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் நேரம் பதிவாகிவிட்டது என்று நம்பி விடியற்காலையில் கிளம்பாதீர்கள். ஒரு மைதானத்தில் (பெயர் வேண்டாம்) எங்கள் நால்வருக்குப் பதிவான நேரத்தில் ஒரு கார்ப்பரேட் போட்டி நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மாலை ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மயூர் விஹார் மாமி கேட்டது: "எங்காத்து மாமாவுக்கு 68 வயசு. இப்போ ஆரம்பிச்சா அசட்டுத்தனமா?"

தாராளமாக ஆரம்பிக்கலாம், மாமி. முதல் மூன்று மாதம் டிரைவிங் ரேஞ்சில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், முதுகுக்கு ஒருவரைக் காட்டிவிட்டு. மைதானத்துக்கு வந்தால் முன்டீயிலிருந்து (குழிக்குக் கிட்ட வைத்த டீ) ஆடட்டும். நம் ஆண்களுக்கு முன்டீ என்றால் கௌரவக் குறைச்சல். 7,300 கெஜ மைதானத்தைப் பின்டீயிலிருந்து ஆடினால், வடிவமைப்பாளர் வைத்த பங்கர் எதுவும் அவருக்குச் சம்பந்தமே இல்லை. பந்து அங்கே போய்ச் சேராது. முன்டீயிலிருந்துதான் அந்த மைதானம் அவரோடு பேச ஆரம்பிக்கும்.

ஸ்லோப் என்று கார்டில் போட்டிருக்கிறதே, அது என்ன?

சாதாரண ஆட்டக்காரனுக்கு ஒரு மைதானம் எவ்வளவு கூடுதல் கஷ்டம் என்ற எண். 55-லிருந்து 155 வரை போகும், நடுநிலை 113. உங்கள் ஹாண்டிகேப் இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்தால், அன்று உங்களுக்கு எத்தனை ஸ்ட்ரோக் சலுகை என்பது ஏறக்குறைய தெரியும். என் 22, ஸ்லோப் 140 உள்ள டீயில் 27 ஆகிவிடும். ஒவ்வொரு டீக்கும் எண் வேறு, பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி, மார்ச். இந்தியன் ஓப்பனும் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை காலை ஆட்டம் மூடுபனியின் தயவு. ஏழு மணிக்குப் பதிந்துவிட்டு ஒன்பதரை வரை டீயைக் குடித்துக்கொண்டு இருப்போம். நவம்பரில் காற்று மோசமான நாளில் வீட்டிலேயே இருங்கள். மே மாதம் ஆடுபவர்கள் ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவார்கள். டிஎல்எஃப்பில் விளக்கு போட்ட ஹோல்களில் இரவிலும் ஆடலாம்.

கேடி சொல்வதைக் கேட்க வேண்டுமா? இந்தி தடுமாறும்.

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். "ஏக் கப் பாயே, ஹல்கா" என்றால் குழிக்கு ஒரு குழியகலம் இடப்பக்கம், மெதுவாக. இந்த ஐந்தாறு சொல் போதும். 'சாப்' என்று அவர் கூப்பிடும்போது நீங்களும் 'பையா' என்றோ, வயதில் மூத்தவரென்றால் 'சாச்சா' என்றோ கூப்பிடுங்கள், ஆட்டம் இரண்டு ஸ்ட்ரோக் குறையும்.

போன ஏப்ரலில் துவாரகாவில் என் பந்து ஃபேர்வே ஓரத்தில் வெறும் மண்ணில் நின்றது. நல்ல இடம், கிரீன் நேரே தெரிந்தது. கிளப்பை எடுக்கும்போது கேடி கையைப் பிடித்துக்கொண்டார். பந்துக்கு ஒரு முழம் தள்ளி, மண் நிறத்தில் நான்கு முட்டை. ஆட்காட்டிக் குருவி. மேலே இரண்டு பறவைகள் கத்திக்கொண்டு எங்கள் தலையைக் கொத்த வந்தன. கேடி பந்தை எடுத்து, கிளப் நீளத்தை அளந்து தள்ளி வைத்தார். முட்டையைச் சுற்றி நான்கு கூழாங்கல்லை நட்டார், அடுத்து வருபவர்கள் பார்ப்பதற்காக. புது இடத்திலிருந்து கிரீனுக்கு நடுவே ஹாரடைனின் பங்கர் வந்துவிட்டது. அதற்குள்ளேயே போட்டேன்.